கூட்டின் வாசனை

மூன்று எறும்புகள் சிலந்தியின் காலைப் பிடித்து இழுத்தன. நாலாவது அதன் முதுகில் ஏறியது. கண்ணாடிப் பெட்டியின் மூடியை ஒரு கையால் தூக்கிப் பிடித்தபடி அவள் இடுக்கியைத் துழாவினாள். அகப்பட்டது தூரிகைதான்.

பூச்சிக் காட்சிக்கூடத்தில் எறும்புகளைப் பார்த்துக்கொள்பவள் அவள். வருஷக்கணக்கில் அங்கே தரை துடைத்தவள். போன மழைக்காலத்தில்தான் பெட்டிகளை அவள் பொறுப்பில் விட்டார்கள். அன்றிலிருந்து அவள் வீட்டுக்காரர், "சாப்டியா" என்று கேட்பதற்கு முன்னால் "உன் எறும்பெல்லாம் சாப்டுச்சா" என்று கேட்க ஆரம்பித்தார்.

எறும்புக் கூட்டுக்குள்ளேயே குடியிருக்கும் சிலந்தி அது. கடுகளவு இருக்கும். எறும்புகள் சேர்த்ததைத் தின்றுவிட்டு அவற்றின் மேலேயே ஏறி நடக்கும். கூட்டின் வாசனை மேலே ஊறியிருக்கும்வரை எறும்புகளுக்கு அதுவும் எறும்புதான். கூடத்தில் அந்த ஒன்றுதான் இருந்தது. பெட்டியின் கண்ணாடியைக் கழுவும்போது நசுங்கிவிடப் போகிறதே என்று, வெந்நீரில் அலசிய குப்பியில் புதுப் பஞ்சு வைத்து, இரண்டு நாள் அதைக் காபந்து பண்ணியிருந்தாள். சுத்தமாக வைத்ததுதான் வினையாகிவிட்டது; வாசனை போய்விட்டதால், திரும்பக் கூட்டில் விட்டதும் எறும்புகள் பாய்ந்துவிட்டன.

வாசல் காவலர் எட்டிப் பார்த்தார். "என்னம்மா, ரெண்டு நாள் அம்மா வீட்டுக்குப் போய்ட்டு வந்ததுக்கா இந்த அடி?"

"சும்மா இருங்கண்ணே. மதியம் மேடம் வராங்க. இது செத்துச்சுன்னா எனக்கு மறுபடி துடைப்பம்தான்."

இழுத்தால் கால் பிய்யும். விட்டால் உயிர் போகும். மூச்சை அடக்கிக்கொண்டு தூரிகையை நடுவில் நுழைத்தாள். மேலே ஏறியிருந்தது உதிர்ந்தது. இரண்டு எறும்புகள் தூரிகை மயிரைக் கவ்வின. ஒன்று மட்டும் விடவில்லை. இழுத்தாள். கால் எறும்போடு போயிற்று. சிலந்தி குப்பிக்குள் விழுந்து சுருண்டது.

பஞ்சைத் தூக்கி எறிந்தாள். எறும்புகள் மூலையில் ஒதுக்கியிருந்த குப்பையையும் செத்த எறும்புகளையும் கூட்டு மண்ணையும் வழித்து, சிலந்தியைச் சுற்றிப் போட்டு மூடினாள்.

கூடத்தின் பொறுப்பாளரான மேடம் வந்ததும் அவளாகவே எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். மேடம் குப்பியை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நாளைக்கு எறும்பு என்ன சொல்லுதோ, அதுதான் நானும் சொல்லுவேன்."

மறுநாள் காலை குப்பியைக் கூட்டின் வாயில் சாய்த்தாள். ஓர் எறும்பு வந்து மீசையால் தடவிப் பார்த்தது. இன்னொன்றும் பார்த்தது. இரண்டும் தங்கள் வழியில் போயின. சிலந்தி ஏழு காலால் உள்ளே நடந்தது. மேடம் பெட்டிச் சாவியைத் திருப்பிக் கேட்கவில்லை. அவள் பக்கத்துப் பெட்டிக்குத் தண்ணீர் வைத்தாள். பிறகு கூடத்தைத் திறந்தார்கள்.