எங்கள் இஸ்தோப்பில் காய்ந்த புகையிலை

வாயில் வெற்றிலை இல்லாவிட்டால் எனக்குத் தேயிலைக் கொழுந்து எடுக்கக் கை ஓடாது. வெற்றிலை என்றால் புகையிலையும் சேர்த்துத்தான். போன வருடம் மஸ்கெலியாக் கடைகளில் கிடைத்த புகையிலையில் காரமும் இல்லை, மணமும் இல்லை. நனைந்த சாக்கை மெல்லுவது போலிருந்தது. எங்கள் தோட்டத்து மாரியம்மன் திருவிழாவுக்குக் கொத்மலையிலிருந்து வந்த மதினியிடம், அதாவது என் கணவரின் அக்காவிடம், இதைச் சொல்லிப் புலம்பினேன். அடுத்த முறை வந்தபோது அவர் முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்தார். உள்ளே காப்பித் தூளைவிட மெல்லிய விதை.

"இதுவா மதினி செடியாகும்?"

"தும்மிராத புள்ள. ஒரு தோட்டமே பறந்து போயிரும்."

எங்கள் லய வீட்டு வரிசைக்குப் பின்னால், காய்கறிப் பாத்தியில் கோவாவுக்கும் லீக்ஸுக்கும் நடுவே நட்டோம். பதினெட்டுச் செடிகள் பிழைத்தன. பூ மொட்டைக் கிள்ளக் கிள்ள இலை முறம் போல் விரிந்தது. அடி இலைகள் தடித்து, அங்கங்கே வெளுக்கத் தொடங்கியதும் ஒடித்தோம். கையில் கறுப்பாய்ப் பிசின் ஒட்டிக்கொண்டது. சவர்க்காரம் போட்டும் போகவில்லை. அன்று சோற்றைக் கரண்டியால்தான் சாப்பிட்டோம்.

காய வைக்கும் பொறுப்பை என் கணவர் எடுத்துக்கொண்டார். தேயிலைத் தொழிற்சாலையின் மேல் மாடியில் கொழுந்து வாட்டும் வேலை அவருக்கு, இருபது வருடமாக. "எலைய வாட்டுறதுக்கு எனக்கு யாரும் சொல்லித் தரணுமா?" என்று சிரித்தபடி எல்லாவற்றையும் அடுப்புக்கு மேலே கட்டித் தொங்கவிட்டு, விறகை அள்ளி வைத்தார். இரண்டே நாளில் இலை மொறுமொறுவென்று காய்ந்துவிட்டது. நிறம் மட்டும் பச்சையாகவே இருந்தது.

"பாத்தியா புள்ள, ரெண்டே நாளு!"

ஒரு துண்டு கிள்ளி வாயில் போட்டேன். தொண்டை எரிந்தது. விக்கல் பிடித்துக்கொண்டது. அவர் என் தலையைத் தட்டித் தண்ணீர் கொடுத்தார். சத்தம் கேட்டுப் பக்கத்துக் காம்பரா வீட்டு அக்கா ஓடி வந்தார். என்னோடு ஒரே நிரையில் கொழுந்து எடுப்பவர். லயத்திலேயே வெற்றிலை விஷயத்தில் அவர் சொன்னால் சொன்னதுதான். அவரும் ஒரு துண்டு மென்றுவிட்டு உடனே துப்பினார்.

"என்னாங்க இது, பாகக்கா கொடியவா காய வச்சீங்க?"

கணவருக்கு முகம் சுருங்கிவிட்டது. நான் மதினிக்குப் போன் போட்டு அவர் கையில் கொடுத்தேன். மறுமுனையில் மதினி பேசியது எனக்கும் கேட்டது.

"தம்பி, தேயிலைக்குத்தான் அவசரம். இது மெதுவாத்தான் காயணும். மொதல்ல மஞ்சளாகட்டும். அதுக்கு முன்னால காஞ்சா பச்சை உள்ளுக்கே நின்னுரும்."

 அடுத்த முறை ஒடித்த இலைகளை, காலையில் நான் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குக் கிளம்புமுன்பே கோணி ஊசியால் காம்பில் குத்தி, சணலில் கோத்துக்கொண்டிருந்தார். இந்த முறை அடுப்பு வேண்டாம் என்று வாசலை ஒட்டிய இஸ்தோப்புத் திண்ணை நிழலில் தொங்கவிட்டோம். நாலாம் நாள் நுனியில் மஞ்சள் இறங்கியது. வாரக் கடைசியில் மஞ்சள் பூசிக் குளித்த முகம் போல எல்லா இலையும் மினுங்கியது. வேலைக்குப் போகும் சனம் நின்று பார்த்துவிட்டுப் போனது.

அப்புறம் மழை பிடித்தது. ஐந்து நாள் வெயிலே இல்லை. நடு நரம்புகளில் வெள்ளையாய்ப் பூஞ்சணம் கண்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது.

"தூக்கி வீசிருவோமுங்க."

"பொறு புள்ள. நரம்பு மட்டுந்தான் ஈரமா இருக்கு."

உலர்ந்த துணியால் ஒவ்வொரு நரம்பாகத் துடைத்தார். சாயங்காலம் உள்ளே கொண்டுவந்து வெறும் தணல் சூட்டில் வைப்பதும், காலையில் வெளியே எடுப்பதுமாக இன்னும் பன்னிரண்டு நாள். இலை காப்பி நிறத்துக்கு வந்தது. ஒரு விடியலில், முற்றமெல்லாம் பனிமூட்டமாக இருந்தபோது, ஓர் இலையைக் கைக்குள் மெல்ல அமுக்கிப் பார்த்தார். அது துணி போல மடங்கி விரிந்தது. தொழிற்சாலையில் கொழுந்தை அமுக்கிப் பார்க்கும் அதே கை.

"இப்ப எடு. வெயில் வந்தா ஒடைஞ்சிரும்."

அடுக்கி, சாக்கில் சுற்றி, மேலே அம்மியைத் தூக்கி வைத்தோம். சில நாளுக்கு ஒருமுறை பிரித்துப் புரட்டினோம். முதலில் வந்த நெடிக்கு, "ஆடு வாங்கிட்டீங்களா?" என்று அக்கா கேட்டார். சாக்குக்குள் இளஞ்சூடு இருந்ததால் வீட்டுப் பூனை அதை ஒட்டியே படுத்துக்கொண்டது. இரண்டு மாதத்தில் நெடி போய், கருப்பட்டியும் காய்ந்த புல்லும் கலந்தது போல ஒரு வாசம் வந்தது.

ஒரு நாள் பகல் கொழுந்து நிறுவை முடிந்து தேயிலை மலையில் உட்கார்ந்திருந்தபோது, அக்காவின் வெற்றிலையில் ஒரு துண்டு வைத்துக் கொடுத்தேன். மென்றார். கண்ணை மூடினார்.  எனக்குப் பயமாகிவிட்டது.

"என்னக்கா? எரியுதா?"

கையைக் காட்டி என்னை நிறுத்தினார். வடிகால் கானோரம் போய்ச் சிவப்பாய்த் துப்பிவிட்டு வந்து சொன்னார்: "சும்மா இரு புள்ள. அனுபவிச்சுக்கிட்டு இருக்கேன்ல!"

அவ்வளவுதான், எல்லாப் பெண்களும் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். அதட்ட வந்த கங்காணியும் ஒரு துண்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டுதான் போனார். சாயங்காலம் வெறும் வெற்றிலைப் பையோடு வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னேன். அக்கா கண்ணை மூடியதை நடித்துக் காட்டச் சொன்னார் கணவர். காட்டினேன். மறுபடியும் காட்டச் சொன்னார். மூன்றாவது தடவை, சுவருக்கு அந்தப் பக்கமிருந்து அக்காவே சிரித்துக்கொண்டு கத்தினார்: "போதும்டி, எனக்கே வெக்கமா இருக்கு!"