நோரீன் வைத்திருந்த சாவி

நோரீன் என்ற பேரை டல்சி முதன்முதலாகக் கேட்டது, தங்கை ஐவி, பாலைவனத்து டவுனான ஆலிஸ் ஸ்பிரிங்ஸின் ஆஸ்பத்திரியிலிருந்து கைக்குழந்தையோடு லாரியில் வந்து இறங்கிய அன்று. பிரசவம் பார்த்த நர்ஸின் பேராம். "நம்ம ஆளுங்க பேருக்கா பஞ்சம்?" என்று கேலி செய்தவள்தான் குழந்தையை முதலில் வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். தங்கை மகள் என்றால் தன் மகள்தானே. டல்சிக்கு ஏற்கெனவே ஒரு பெண் இருந்தாள். இரண்டு பேரும் ஒரே போர்வைக்குள் தூங்கி வளர்ந்து, படித்த பள்ளிக்கூடத்திலேயே டீச்சர்களும் ஆனார்கள்.

டல்சி மகளின் பேரை இங்கே சொல்லப்போவதில்லை. இறந்தவர் பேரை எங்கள் பக்கம் வாயில் எடுப்பதில்லை.

கெட்டிக்காரி அவள். வயசாளிகளை உட்காரவைத்து, எந்தப் பாறையடியில் தண்ணீர் ஊறும், எந்த வேரில் தின்கிற புழு கிடைக்கும் என்று சொல்லச் சொல்லி, எங்கள் வால்பிரி பாஷையிலேயே புத்தகம் செய்தாள். படங்களில் அவள் முகம், கேசட்டுகளில் அவள் குரல். வெளியூர் டீச்சர்கள் வருவார்கள், போவார்கள். எங்கள் பிள்ளைகளுக்கு எதை, எப்படிச் சொல்லித்தருவது என்று அதையெல்லாம் வைத்திருந்த புத்தக அறைக்குள் போய்த்தான் தெரிந்துகொள்வார்கள்.

சிறுநீரகம் கெட்டு அவள் போனதும் அறையைப் பூட்டினார்கள். முகம் பார்க்கக் கூடாது, குரல் கேட்கக் கூடாது. நெருங்கிய உறவு மனம் ஆறிச் சொன்னால்தான் திறக்கலாம். சாவி நோரீனிடம் இருந்தது. சாவு விழுந்ததும் காலிசெய்த வீட்டுக்கு ஆட்கள் திரும்பிவிட்டார்கள், துக்கத்துக்கு வெட்டிய முடி வளர்ந்துவிட்டது, அறை மட்டும் திறக்கவில்லை. நோரீனின் கழுத்தில் தொங்கும் சாவியைப் பார்க்கும்போதெல்லாம், அக்காளை இன்னும் இவளால் விடமுடியவில்லை போல என்று டல்சி பேசாமல் போய்விடுவாள்.

அப்போது பிரையனி என்ற புது டீச்சர் வந்தாள். பூட்டிய அறையில் என்ன இருக்கிறது என்று கேட்டதற்கு, நேரம் வரவில்லை என்றாள் நோரீன். பிரையனி புத்தகம் கேட்டு டவுன் ஆபீசுக்கு எழுதிப் போட்டதில் பனியில் மேயும் ஆட்டுப் படம் போட்ட புத்தகங்கள் வந்தன. கடைசியில் கம்ப்யூட்டரில் தேடி, பாலைவனத்து ஜனங்களின் பாட்டு ஒன்றைப் பிடித்துப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்தாள்.

டல்சி சாம்பலுக்குள் கங்காரு வாலைப் புரட்டிக்கொண்டிருந்தபோது பிள்ளைகள் அதைப் பாடிக்கொண்டு வந்தன. அவள் கை நின்றுவிட்டது. உப்பு ஏரிக்கு அந்தப் பக்கத்து ஆட்களின் பாட்டு அது, அவர்கள் மண்ணின் பாட்டு. அவர்கள் கொடுக்காமல் நாம் பாடுவதா? கை ஜாடையில் பிள்ளைகளை அடக்கிவிட்டு நேரே பள்ளிக்கூடத்துக்கு, நோரீனிடம் நடந்தாள்.

"அடுத்தவங்க பாட்டை நம்ம பிள்ளைங்க பாடுதுங்க. நம்ம பாட்டு எங்கடி?"

"உள்ள இருக்கு, பெரியம்மா."

"எம் மவளை இத்தனை வருஷமா பூட்டி வச்சிருக்கே. உனக்கு மனசு ஆறலைன்னு நானும் வாயை மூடிக்கிட்டு இருந்தேன்."

நோரீன் தரையைப் பார்த்தாள். "நீதான் திறக்கச் சொல்லுவேன்னு நான் காத்துக்கிட்டு இருந்தேன்."

"வந்து கேக்குறதுக்கென்ன?"

"கேட்டா அவளைப் பத்திப் பேசணுமே."

டல்சி படியில் உட்கார்ந்தாள். "நாம ரெண்டு பேரும் கழுதைங்க," என்றாள்.

"திறந்தா குரல் கேக்கும், பெரியம்மா. தாங்குவியா?"

"திறந்தாத்தானே தெரியும்."

மறுநாள் துக்கம் கழியப் பச்சை இலையைக் கொளுத்தி அறை முழுக்கப் புகை காட்டினார்கள். உறவுக்காரர்கள் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். இருமிக்கொண்டே வாசலில் நின்ற பிரையனி அந்தப் பாட்டைக் கற்றுக்கொடுத்ததற்கு மன்னிப்புக் கேட்டாள். அவள் மேல் என்ன குற்றம், பூட்டின கதவு எதைச் சொல்லும் என்றாள் டல்சி. ஏரிக்கு அந்தப் பக்கத்து ஆட்கள் ஃபுட்பால் ஆட வரும்போது தானே பேசிக்கொள்வதாகவும், அதுவரை பிள்ளைகள் அந்தப் பாட்டை விட்டுவிட வேண்டும் என்றும் சொன்னாள்.

நோரீன் ஒரு கேசட்டைப் போட்டாள். முகத்தை மூடிக்கொண்டு கேட்ட டல்சி, பாதியில் கையை எடுத்தாள். "எப்பவும் அவசரம் இவளுக்கு. மூச்சு விட்டுப் பேசுறாளா பாரு," என்றாள். நோரீன் சிரித்தாள், பிறகுதான் அழுதாள்.

சாவி இப்போது ஆபீஸ் சுவரில் ஆணியில் தொங்குகிறது. பிரையனி தெற்கே போய்விட்டாள், வேறு டீச்சர் வந்திருக்கிறாள். நோரீன் அதே பள்ளிக்கூடத்தில் இருக்கிறாள். காலை வேளைகளில் அந்தப் புத்தக அறையில்தான் இருப்பாள்.