எந்தக் கோயிலுக்கு மொட்டை?

இன்று திருச்சுழி பஸ்ஸில் என் பேத்தி முதல்முறையாகத் தலையைத் துப்பட்டாவால் மூடாமல் வந்தாள். கீமோ மருந்தில் முடி, புருவம் எல்லாம் கொட்டிவிட்டது. பென்சிலால் புருவம் வரைந்து, லிப்ஸ்டிக்கும் பூசியிருந்தாள். ராணி மாதிரி இருந்தாள்.

பக்கத்து சீட்டு அம்மா அவளிடம் கேட்டார், "எந்தக் கோயிலுக்கு மொட்டை தாயி? சந்தனம் பூசலையா?"

"கேன்சருக்கு மருந்து ஏத்துறாக அத்தை. அதுல கொட்டிருச்சு."

"அய்யோ பாவம். அப்ப இந்த மையும் சாயமும் எதுக்கு? சீக்காளி சீக்காளியா இருக்க வேணாமா?"

பேத்தியின் கை துப்பட்டாவுக்குப் போனது.

நான் கேட்டேன், "நீங்க தலைக்குக் கருப்புச் சாயம் அடிச்சிருக்கீகளே, அது என்ன சீக்குக்கு?"

அந்த அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பேத்தி சிரித்தாள். துப்பட்டா தோளிலேயே கிடந்தது.

சீக்காளி எப்படி இருக்க வேண்டும் என்ற சட்டம் தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள். பேத்தி லிப்ஸ்டிக் பூசி முடித்ததும் வாசித்துக் காட்டுகிறேன்.