ஜமீல் பாயும் பழைய மாணவரும்

பெரிய கடை வீதியில் கைலிக் கடை வைத்திருக்கும் ஜமீல் ஊர்க் கல்லூரியில் ஒரு நாளும் படித்ததில்லை. பதினேழு வயதில் விண்ணப்பம் வாங்கி வந்த வாரமே அத்தா இறந்துபோனதால் கடையில் உட்கார வேண்டியதாயிற்று. ஆனாலும் அந்தக் கல்லூரியின் கால்பந்து அணி எங்கே ஆடினாலும் நாற்பது வருடமாகப் போய்க்கொண்டிருக்கிறார். மகள் சம்ரீனின் நிச்சயத்தன்றுகூட முதல் பாதியைப் பார்த்துவிட்டுத்தான் வந்தார்.

இடையில் பதினோரு வருடம் அணி அரையிறுதியையே எட்டவில்லை. ஒரு மழை நாளில் ஏழு கோல் வாங்கியபோது பார்க்க இருந்தவர் அவர் மட்டும்தான். அந்த மோசமான வருடங்கள் அவருக்குப் பிடித்திருந்தன என்பதை யாரிடமும் சொன்னதில்லை. தோற்ற பையன்கள் நேராக அவரிடம் வருவார்கள். வேறு யாரிடம் போவது?

போன வருடம் அணி ஜெயிக்க ஆரம்பித்ததும் முரளிதரன் வந்தார். ஸ்ரீரங்கத்துக்காரர், அந்தக் கல்லூரியின் பழைய மாணவர், சிங்கப்பூரிலிருந்து திரும்பியவர். வந்த வாரமே எல்லாருக்கும் புது ஜெர்ஸி. அடுத்த வாரம் இரண்டு வேன் நிறைய நண்பர்கள். ஜமீல் வழக்கமாக உட்காரும் படியில் அவர்களுடைய பைகள் இருந்தன.

"நீங்க எந்த பேட்ச் சார்?" என்று முரளிதரன் மரியாதையாகத்தான் கேட்டார்.

"நான் இங்க படிக்கலீங்க."

அதைக்கூட ஜமீல் பொறுத்துக்கொண்டார். ஆட்டத்துக்கு முன்னால் தவறாமல் தன்னிடம் வந்து துஆ செய்யச் சொல்லும் கேப்டன் அர்ஹம், அன்று முரளிதரனோடு செல்ஃபி எடுத்துக்கொண்டு அப்படியே மைதானத்துக்குள் ஓடியதைத்தான் தாங்க முடியவில்லை.

இறுதி ஆட்டம் துவாக்குடியில் நடந்தது. ஒரு கோல் பின்தங்கியிருந்தபோது, முடிய நான்கு நிமிடம் இருக்கையில், பெனால்டி கிடைத்தது. அர்ஹம் உதைத்த பந்து கம்பத்துக்கு மேலே போயிற்று. ஜமீலுக்கு நெஞ்சு லேசானது. இனி இந்தக் கூட்டம் வராது என்று நினைத்தார். அப்புறம்தான் புல்லில் முகம் புதைத்துக் கிடந்த அர்ஹமைப் பார்த்தார். அவனிடம் போகாமல் பஸ் ஏறிவிட்டார்.

வீட்டில் மனைவி ஜஹானாராவிடம் சொன்னார். "பந்து வெளிய போனப்ப எனக்கு சந்தோஷமா இருந்துச்சு."

"உங்களுக்கு அந்த ஆளு மேலதானே எரிச்சல்? புள்ள என்னங்க செஞ்சான்?"

மறுநாள் காலையில் ஹாஸ்டலுக்குப் போனார். அர்ஹம் அழுது வீங்கிய கண்ணோடு வெளியே வந்தான். முரளிதரன் சார் இப்போதுதான் வந்து பேசிவிட்டுப் போனார் என்றான். ஜமீல் அவன் தோளில் கை வைத்தபடி நின்றார்.

இந்த வருடம் முதல் ஆட்டம் ஒரு செவ்வாய்க்கிழமை. நல்ல வெயில். மைதானத்தில் யாரும் இருக்க மாட்டார்கள் என்று ஆசையோடு போனார். முரளிதரன் தனியாக உட்கார்ந்திருந்தார்.

"வாங்க பாய்" என்று நகர்ந்து இடம் விட்டார்.

ஜமீலுக்கு ஏமாற்றமாக இருந்தது. இருந்தாலும் உட்கார்ந்தார். அணி மூன்று கோல் வாங்கியது. பிறகு முரளிதரன், இடது பக்கம் ஓடுகிற புதுப் பையன் யார் என்று கேட்டார்.

"சின்னையன். மருங்காபுரிப் பையன்."

அந்தப் பையன் தினமும் கடைக்கு வந்து தன்னோடு டீ குடிக்கிறான் என்பதை மட்டும் ஜமீல் சொல்லவில்லை.