பலாப்பால் பட்ட கத்தியைத் திருப்பி எடுப்பதில்லை

வியாழன், காலை 6.10. நாமக்கல் பேருந்து நிலையம். கரூரிலிருந்து முதல் பேருந்தைப் பிடித்து வந்து இறங்கியிருந்தேன். கொல்லிமலை போகும் பேருந்து கிளம்ப இன்னும் பத்து நிமிடம் இருந்தது. தோள்பையில் இரண்டு புடவை, பிரஷர் மாத்திரை, ஒரு கத்தி. கத்தியின் விலை பதிமூன்றாயிரத்து அறுநூறு ரூபாய். சிரிப்பவர்கள் இப்போதே சிரித்துவிடலாம். என் வீட்டில் எல்லோரும் சிரித்து முடித்தாயிற்று.

அது மடக்குக் கத்தி. மடக்கினால் உள்ளங்கைக்குள் அடங்கும். விரித்தால் ஒன்பது சென்டிமீட்டர் அலகு. அலகில் கட்டைவிரல் நுழைகிற அளவுக்கு ஒரு துளை இருக்கிறது. அதில் விரலை வைத்துத் தள்ளினால் ஒரே கையால் விரிந்து, 'டக்' என்று பூட்டிக்கொள்ளும். அந்த 'ஒரே கையால்' என்பதற்குத்தான் இத்தனை விலை கொடுத்தேன். மூன்று வருடத்துக்கு முன் ஸ்கூட்டரிலிருந்து விழுந்ததில் இடது மணிக்கட்டு நொறுங்கிப் பிளேட் வைத்தார்கள். எலும்பு கூடிவிட்டது, விரல்கள் மடங்க மறுத்துவிட்டன. அன்றிலிருந்து எனக்கு எல்லாவற்றையும் யாராவது உரித்துக் கொடுக்கிறார்கள். முப்பது வருடம் கணக்கு டீச்சராக இருந்தவளுக்கு ஒரு மாம்பழம் சாப்பிட மருமகள் சமையலறையிலிருந்து வர வேண்டியிருக்கிறது.

சாதாரணக் கத்தி போதாதா என்று நீங்கள் கேட்கலாம். வீட்டில் போதும், வெளியில் போதாது. மடக்க முடியாத கத்தியைக் காகிதத்தில் சுற்றிப் பைக்குள் வைத்தால், பிரிக்கவே இரண்டு கை வேண்டும். போன வருடம் பொருட்காட்சியில் நானூற்றைம்பது ரூபாய்க்கு ஒரு மடக்குக் கத்தி வாங்கினேன். கொய்யா நறுக்கும்போது அதன் பூட்டு நழுவி, அலகு மடங்கி என் வலது ஆள்காட்டி விரலில் இறங்கியது. நான்கு தையல். எனக்கு மிச்சமிருப்பது அந்த ஒரு கைதான். அன்று மகன் வீட்டிலிருந்த கத்திகளையெல்லாம் பரண்மேல் ஏற்றிவிட்டான். அவன்மேல் குற்றம் சொல்ல மாட்டேன், பயந்துவிட்டான். ஆனால் பரண்மேல் ஏறியது கத்தி மட்டுமில்லை, நானும்தான்.

ஆக, தெரிய வேண்டியது ஒன்றே ஒன்று. இந்தப் பூட்டை என் ஒற்றைக் கையை ஒப்படைக்கும் அளவுக்கு நம்பலாமா? கடைக்காரர்கள் பத்து நாள் அவகாசம் தந்திருந்தார்கள். பிடிக்காவிட்டால் முழுப் பணமும் வாபஸ், ஆனால் எதையும் வெட்டியிருக்கக் கூடாது. வெட்டாமல் கத்தியைத் தெரிந்துகொள்வது எப்படி என்று அவர்கள் சொல்லவில்லை. அன்று ஒன்பதாவது நாள். எட்டு நாளும் நான் அதை விரித்தபோதெல்லாம், "குடுங்கத்தே, எதுக்கு வம்பு" என்று மருமகள் ஓடிவந்து வாங்கிக்கொண்டாள். இந்த முடிவை வீட்டில் உட்கார்ந்து எடுக்க முடியாது என்றுதான் மலைக்குக் கிளம்பினேன்.

6.20. பேருந்து புறப்பட்டது. செம்மேட்டுக்கு ஐம்பத்தைந்து கிலோமீட்டர். பேருந்து நிலையத்தில் பத்து ரூபாய்க்கு அவித்த முட்டை ஒன்று வாங்கியிருந்தேன். அதை முன்சீட்டுக் கம்பியில் தட்டி ஓட்டை உடைப்பதற்குள், பக்கத்து இருக்கையில் இருந்தவர் என் இடது கையைப் பார்த்துவிட்டார். ஐம்பது வயதிருக்கும். மடித்த சட்டைக்கை, மடியில் மூன்றடுக்கு டிபன் கேரியர்.

"குடுங்கம்மா" என்றார். நான் கொடுக்கவில்லை, அவரே எடுத்துக்கொண்டார். உரித்து, ஓட்டைக் காகிதத்தில் மடித்து ஜன்னல் வழியாகப் போட்டுவிட்டு, முட்டையை என் உள்ளங்கையில் வைத்தார். பெயர் மரியதாஸ், சொந்த ஊர் ராசிபுரம் பக்கம், செம்மேட்டில் ஒரு அரசு அலுவலகத்தில் கிளார்க், தினமும் இதே பேருந்தில் போய் வருகிறார் என்பதெல்லாம் நான் முட்டையை மென்று முடிப்பதற்குள் தெரிந்துவிட்டது. நான் டீச்சராக இருந்தவள் என்பதையும் கேட்டுத் தெரிந்துகொண்டார். நல்ல மனிதர். நல்ல மனிதர்களிடம்தான் கோபத்தைக் காட்ட முடிவதில்லை. நான் வாங்கியதிலேயே ருசியில்லாத முட்டை அது.

7.25. அடிவாரம், காரவள்ளி. சோதனைச் சாவடியில் பிளாஸ்டிக் பாட்டில் இருக்கிறதா என்று கேட்டார்கள். கத்தி இருக்கிறதா என்று யாரும் கேட்கவில்லை. எழுபது கொண்டை ஊசி வளைவுகளுக்கும் எண் எழுதிப் பலகை நட்டிருக்கிறார்கள். இருபத்து மூன்றாவது வளைவில் முன்சீட்டுப் பெண் வாந்தி எடுத்தாள். நாற்பதுக்கு மேல் காற்று குளிர்ந்தது. நான் பையைத் திறக்காமலே கைவிட்டு, கத்தியை விரலால் தடவிப் பார்த்துக்கொண்டே வந்தேன். செம்மேட்டில் மரியதாஸ் இறங்கும்போது என் பையையும் தூக்கப் பார்த்தார். "பை தூக்க எனக்கு ஒரு கை போதுமுங்க" என்றேன்.

காலை 9.40. வளப்பூர் நாடு. செம்மேட்டிலிருந்து மறுபடி ஒரு பேருந்து, பிறகு பத்து நிமிட நடை. என்னோடு வேலை பார்த்த ஒரு டீச்சர் இங்கே பள்ளிக்கு மாற்றலாகி வந்தபோது தங்கியிருந்த வீட்டில் எனக்கு அறை. ஒரு நாளைக்குச் சாப்பாட்டோடு எழுநூறு ரூபாய். வீட்டுக்காரி ராசம்மாள் என்னைவிடப் பத்து வயது சின்னவள். கணவர் மிளகு வியாபாரத்துக்காக முள்ளுக்குறிச்சி போயிருந்தார். வாசலில் பலாப்பழங்கள் குவிந்து கிடந்தன. ஆனி மாதம், மலை முழுக்க அதே வாசனைதான்.

ராசம்மாள் என் கையைப் பார்த்தாள். "அந்தக் கை வேலைக்காகாதுங்களா?"

"ஆகாதுங்க."

"இந்தக் கை?"

"ஆகும்."

"அப்பச் சரிங்க. அந்தப் புளியைக் கொட்டை எடுங்க, நான் களி கிண்டிட்டு வாரேன்." மூன்று வருடத்தில் என்னிடம் ஒரு வேலையை நம்பிக் கொடுத்த முதல் ஆள் அவள். உச்சுக் கொட்டாமல் அடுப்புப் பக்கம் போய்விட்டாள். புளியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தபோது எனக்குக் கண் கலங்கியது. புளிக்கு அப்படிக் கலங்காது என்று எனக்கே தெரியும்.

மதியம் 2.30. கேழ்வரகுக் களியும் அவரைக் குழம்பும் ஆன பிறகு, கத்தியை எடுத்து விரித்துக் காட்டினேன். 'டக்' சத்தம் அவளுக்குப் பிடித்துவிட்டது. இன்னொரு தடவை விரிக்கச் சொன்னாள். பிறகு விலை கேட்டாள். சொன்னேன்.

"ஏனுங்க டீச்சர், அதுக்கு ரெண்டு ஆடு வாங்கலாமுங்களே."

"ஆடு பழம் நறுக்குமா?"

"நறுக்காது, தின்னும்" என்றாள். தன் கத்தியைக் கொண்டுவந்தாள். சோளக்காட்டுச் சந்தையில் வாங்கியது, நூற்றெண்பது ரூபாய், மரப்பிடி. நான் கையை நீட்டினேன். அவள் என் கையில் தராமல் தரையில் வைத்தாள். கத்தியைக் கைக்குக் கை கொடுத்தால் சண்டை வரும் என்பது எங்கள் பக்கத்திலும் உண்டு. என் வீட்டில் எனக்காக மட்டும் அதை மறந்துவிட்டார்கள், நேராகக் கையிலிருந்தே பிடுங்குகிறார்கள். தரையிலிருந்து அந்தக் கத்தியை நானே எடுத்தேன்.

பிறகு அவள் ஒரு பலாப்பழத்தைச் சாக்கில் போட்டுக் கொடுவாளால் இரண்டாகப் பிளந்தாள். நடுத்தண்டைச் சீவி எடுத்தால்தான் சுளை சுலபமாக வரும். அதற்குச் சின்னக் கத்திதான் தோது. ஒரு பாதியை என் முன்னால் தள்ளினாள்.

"உங்க ஆட்டைக் கொண்டு வாங்க, பாக்கலாம்."

வெட்டினால் திருப்பித் தர முடியாது. வெட்டாவிட்டால் எனக்கு எதுவும் தெரியாது. கரூரில் எட்டு நாள் இழுத்த யோசனை இங்கே இரண்டு நொடியில் முடிந்தது. கத்தியை விரித்தேன்.

"எண்ணெய் தடவிக்குங்க" என்று தேங்காய் எண்ணெய்க் கிண்ணத்தைத் தள்ளினாள்.

"எனக்குத் தெரியுமுங்க" என்றேன். தெரியாது. காலமெல்லாம் சொல்லிக்கொடுத்தே பழகிய வாய், அதனால் எதையும் கேட்டுக்கொள்ளப் பழகவில்லை. பழத்தை இடது முன்கையால் அழுத்தி, கத்தியைத் தண்டுக்குள் இறக்கினேன். விடாமல் அழுத்தினேன். திருகினேன், நெம்பினேன். தையல் போட்ட விரல் அலகின் அடிப்பக்கத்தில் நின்றது. பூட்டு நழுவினால் விரல் போய்விடும் என்று அதற்குத் தெரிந்திருந்தது. பூட்டு அசையவில்லை. தண்டு முழுசாக வெளியே வந்தது. முதல் சுளையை நானே பிய்த்து, கொட்டை எடுத்துத் தின்றேன். ராசம்மாள் அவள் பாதியை எப்போதோ முடித்துவிட்டு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மடக்கப் போனேன், கத்தி மடங்கவில்லை. பலாப்பால் அலகில் வழிந்து, மடங்குகிற மூட்டுக்குள் இறங்கிக் கோந்தாக இறுகிவிட்டது.

"பூட்டு கெட்டியாத்தான் இருக்குதுங்க" என்றாள் ராசம்மாள். "இனி அதை மடக்கத்தான் ஆளு வேணும்." சிரித்துச் சிரித்து அவளுக்குப் புரை ஏறியது. நான் பத்து நிமிடம் முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்புறம் எண்ணெய்க் கிண்ணத்தை நானே என் பக்கம் இழுத்தேன். சுரண்டிக் கொடுக்கிறேன் என்று அவள் சொல்லவில்லை. ஒரு பழந்துணியை மட்டும் என் பக்கத்தில் போட்டுவிட்டு மாட்டைப் பிடித்துக்கட்டப் போனாள்.

வெள்ளி, காலை 7.00. எண்ணெயில் ஊறிய கத்தியை முழங்கால்களுக்கு நடுவே பிடித்துத் துடைத்தேன். ஒரு தென்னை ஈர்க்கைத் துணியில் சுற்றி மூட்டுக்குள் விட்டுத் துழாவினேன். முக்கால் மணி நேரம் ஆனது. ஏழே முக்காலுக்குக் கத்தி மடங்கியது. விரித்தேன், 'டக்'. மூட்டின் ஓரத்தில் மட்டும் ஒரு பழுப்புக் கறை தங்கிவிட்டது.

இங்கே உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். வாங்கலாமா என்று யோசிப்பவர்களுக்குப் பயன்படும். வெட்டுவதில் நூற்றெண்பது ரூபாய்க் கத்திக்கும் பதிமூன்றாயிரத்து அறுநூறு ரூபாய்க் கத்திக்கும் நான் வித்தியாசம் காணவில்லை. பலாவுக்கு ராசம்மாளின் கத்தியே மேல், அதற்கு மூட்டும் கிடையாது, இறுகவும் இறுகாது. இரண்டு கையும் உள்ளவர்கள் ஆடு வாங்கிக்கொள்ளுங்கள். என்னைப் போன்றவர்களுக்கு விலை கத்தியில் இல்லை, அந்தப் பூட்டில் இருக்கிறது. அது நழுவவில்லை.

10.15. மேட்டில் ஏறினால்தான் போனுக்குச் சிக்னல். மகன் பேசினான்.

"அம்மா, இன்னிக்குப் பத்தாவது நாள். பாக்ஸெல்லாம் எடுத்து வெச்சிட்டேன். நீங்க சரின்னா இப்பவே ரிட்டர்ன் போட்டுடறேன்."

"வேண்டாம். வெட்டிட்டேன்."

"வெட்டிட்டீங்களா? கைக்கு ஒண்ணும் ஆகலையே?"

பத்து விரலையும் எண்ணிச் சொன்னால்தான் நம்புவான் போலிருந்தது. "கை இருக்குது சாமி, எல்லாம் இருக்குது. பாக்ஸை எடுத்து எடைக்குப் போடு" என்றேன். அட்டைப்பெட்டியை மடக்குகிற சத்தம் கேட்டது. பிறகு, "பலாப்பழம் கொண்டு வருவீங்களா?" என்று கேட்டான்.

மாலை 4.30. செம்மேட்டில், மலையிறங்கும் பேருந்தைப் பிடித்தேன். கிளம்பும்போது ராசம்மாள் சுளைகளை டப்பாவில் அடைத்து, நாலு கொய்யாவும் பையில் போட்டிருந்தாள். "அடுத்த வாட்டி எண்ணெயோட வாங்க" என்றாள். அதை அறிவுரையாக எடுத்துக்கொள்ளாமல் அழைப்பாக எடுத்துக்கொண்டேன்.

பேருந்தில் அதே மரியதாஸ், அதே டிபன் கேரியர். என்னைப் பார்த்ததும் நகர்ந்து பக்கத்தில் இடம் கொடுத்தார். சோளக்காட்டில் பேருந்து கால்மணி நேரம் நின்றது. வளைவுகள் ஆரம்பிப்பதற்கு முன் சாப்பிட்டுவிடலாம் என்று டப்பா மூடியை மடியில் வைத்து, ஒரு கொய்யாவை எடுத்து, கத்தியை விரித்தேன். அந்தச் சத்தத்துக்கு அவர் திரும்பினார்.

"அட, எதுக்கு டீச்சர் சிரமப்படறீங்க, குடுங்க நான் நறுக்கித் தாரேன்." அவர் கை என் கத்தி வரை வந்துவிட்டது.

"கத்தியைக் கைக்குக் கை குடுக்கக் கூடாதுங்க" என்றேன். அவர் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். இடது முன்கையால் கொய்யாவை மூடியோடு அழுத்தி நாலாகப் பிளந்தேன். மெதுவாகத்தான் வந்தது. ஒரு துண்டு கோணலாகப் போனது. ஒன்றை எடுத்துக் கடித்தேன். அவர் வேறு பக்கம் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"உங்களுக்கு ஒரு பழம் தரட்டுங்களா?"

"வேண்டாங்க" என்றார். பிறகு கொஞ்சம் தணிந்த குரலில், "ஆசைதானுங்க. முன்பல்லு கட்டினது. கொய்யாவைக் கடிச்சா கையோட வந்துரும். வீட்டுல அவங்க நறுக்கிக் குடுத்தாத்தான்" என்றார்.

நான் இரண்டாவது கொய்யாவை எடுத்து மூடியில் வைத்தேன். அவர் பிடித்துக்கொள்ள விரலை நீட்டினார். "சும்மா உக்காருங்க சார்" என்றேன். உட்கார்ந்தார். மெல்லிசாக, எட்டுத் துண்டாக நறுக்கி, மூடியோடு அவர் மடியில் வைத்தேன். இரண்டு நாளைக்கு முன்னால் நான் முட்டையைத் தின்ற அதே முகத்தோடு முதல் துண்டைத் தின்றார். மூன்றாவது துண்டில் முகம் மாறியது.

நேற்று என்று சொல்ல வேண்டும். முட்டை தின்றது நேற்றுக் காலைதான். கணக்கு டீச்சருக்கே ஒரு நாள் கூடுதலாகத் தெரிகிறது.

எழுபதிலிருந்து ஒன்று வரை பலகைகள் இறங்கி வந்தன. கத்தியை மடக்கும்போது தொடையில் வைத்து அழுத்த வேண்டும். அதில் இன்னும் எனக்கு வேகம் வரவில்லை. மலையில் யாரும் என் கத்தியைப் பிடுங்கவில்லை. கரூரில் பிடுங்குவார்கள், அன்பாகத்தான் பிடுங்குவார்கள். அதனால் வழியிலேயே முடிவு செய்துவிட்டேன். இனி இது என் பையிலும் இருக்காது, பரண்மேலும் இருக்காது. சாப்பாட்டு மேசையில், என் தட்டுக்குப் பக்கத்தில் இருக்கும். மகனுக்கோ மருமகளுக்கோ மாம்பழம் வேண்டுமென்றால் பழத்தோடு வந்து உட்காரட்டும். நறுக்கித் தருகிறேன்.