தங்கையை மடக்க ஒரு வசனம்

நான் பைபிள் படிக்கப் போனது பக்தியால் இல்லை. என் தங்கையின் வாயை அடைக்கத்தான் போனேன்.

அம்மா இறந்த முப்பதாம் நாள் பூசைக்கு அவள் வரவில்லை. கல்யாணமாகி அடுகோடிக்குப் போனவள் அங்கே ஒரு சபையில் சேர்ந்து, மறுபடியும் ஞானஸ்நானம் எடுத்து, காதில் கிடந்த கம்மலையும் கழற்றிவிட்டாள். "செத்தவங்களுக்காக ஜெபம் பண்ணணும்னு பைபிள்ல எங்கக்கா இருக்கு? காட்டு, வரேன்" என்று போனிலேயே சொன்னாள். விவேக் நகரில் பிறந்து, எங்கள் கத்தோலிக்கக் கோயிலில் முதல் நற்கருணையாகப் புதுநன்மை வாங்கியவள் பேசுகிற பேச்சா இது? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சின்னவள் எங்கே என்று சொந்தக்காரர்கள் கேட்டபோது, காய்ச்சல் என்று பொய் சொல்லிச் சமாளித்தேன். வருஷப் பூசைக்கும் அவளுக்குக் காய்ச்சல் வர முடியாது. அதற்குள் வசனத்தைக் கண்டுபிடித்து அவள் முகத்துக்கு நேரே நீட்டி, அவளைப் பூசைக்கு இழுத்துக்கொண்டு வர வேண்டும்.

எங்கள் வீட்டில் பைபிள் இருந்தது. ஷோகேஸில், மாதா சுரூபத்துக்குப் பக்கத்தில், பாஸ்போர்ட் சைஸ் போட்டோக்களும் ரேஷன் கார்டும் கசங்காமல் இருக்க உதவியது. பூசையில் யாராவது வாசகம் வாசிப்பார்கள், நாங்கள் உட்கார்ந்து கேட்போம். அதற்கு மேல் எங்களுக்கும் அதற்கும் கொடுக்கல் வாங்கல் இல்லை. கதைப் புத்தகத்தைப் போல முதல் பக்கத்திலிருந்து ஆரம்பித்தேன். கொஞ்ச தூரம் சுகமாகத்தான் போனது. பிறகு யார் யாரைப் பெற்றார் என்று பட்டியல், கூடாரத்துக்கு எத்தனை முழம் துணி என்று அளவு. நான் கார்மென்ட்ஸில் செக்கிங் செய்கிறவள். நாள் முழுக்க டேப்பை வைத்துச் சட்டை அளந்துவிட்டு வந்து, வீட்டிலும் அளவுச் சீட்டையே படி என்றால் யாருக்குப் பொறுக்கும்? மூடி வைத்துவிட்டேன்.

எங்கள் தெருக் கத்தோலிக்கக் குடும்பங்கள் கூடுகிற அன்பியத்தில் ஞாயிறு சாயங்காலம் பைபிள் வகுப்பு நடந்தது. நடத்தியவர் ஐ.டி. கம்பெனிக்காரர், என்னைவிட வயதில் சின்னவர். நான்கு கலர் பேனா கொண்டு வருவார். கடவுள் பேசினால் சிவப்பு, மனிதர்கள் பேசினால் நீலம் என்று கோடு போடச் சொல்வார். இந்த வயதில் எனக்கு டிராயிங் கிளாஸ். யார் சொல்கிறார், யாரிடம் சொல்கிறார், அதற்கு முன்னால் என்ன நடந்தது, இதையெல்லாம் பார்க்காமல் ஒரு வசனத்தை மட்டும் உருவி எடுக்கக் கூடாது என்பது அவர் ஓயாமல் பாடிய பாட்டு. எனக்கு உருவி எடுக்கத்தான் வேண்டியிருந்தது. வாரா வாரம் அதையே கேட்டேன். கடைசியில் அவருக்கே அலுத்துப்போய், பழைய ஏற்பாட்டுக்கும் புதிய ஏற்பாட்டுக்கும் நடுவில் ஒரு பக்கத்தைத் திறந்து காட்டினார்.

"இங்க இருக்கு. ஆனா முழு அதிகாரத்தையும் படிங்கக்கா, ப்ளீஸ்."

சரி என்று தலையாட்டிவிட்டு, இறந்தவர்களுக்காகப் பலி ஒப்புக்கொடுத்தார்கள் என்கிற அந்த ஒரு வரிக்குக் கீழே சிவப்புக் கோடு போட்டேன். கடவுள் பேசுகிற இடமா என்றுகூடப் பார்க்கவில்லை.

வருஷப் பூசைக்கு நான்கு நாள் இருந்தது. அடுகோடிக்கு ஆட்டோ பிடித்துப் போய், செருப்பைக் கழற்றும்போதே, "உன் பைபிளை எடுடி" என்றேன். பக்கத்தைச் சொன்னேன். அவள் புரட்டினாள், நானும் பிடுங்கிப் புரட்டினேன். அப்படி ஒரு நூலே அதில் இல்லை. எங்கள் பைபிளில் நடுவில் வருகிற ஏழு நூல்கள் அவர்கள் பைபிளில் கிடையாதாம். இது எங்கள் வகுப்பில் எல்லோருக்கும் தெரியுமாம். என்னைத் தவிர.

"இல்லாததைக் காட்டத்தான் ஆட்டோ பிடிச்சு வந்தியா?" என்றாள். எனக்கு முகம் சுட்டது. கையோடு கொண்டுபோன என் பைபிளை அவள் மடியில் போட்டேன்.

அவளுக்குப் பைபிளைப் படிக்கத் தெரியும், அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். சிவப்புக் கோட்டை அவள் பார்க்கவே இல்லை. விரலை மேலே கொண்டுபோய், அந்தச் சம்பவம் தொடங்குகிற இடத்திலிருந்து வாசித்தாள். போரில் செத்த யூத வீரர்களைப் புதைக்கப் போகிறார்கள். ஒவ்வொருவன் உடைக்குள்ளும் வேறு தெய்வத்தின் தாயத்து கிடைக்கிறது. தங்களுக்குத் தடை செய்யப்பட்டதைக் கட்டிக்கொண்டதால்தான் செத்தார்கள் என்று எல்லோருக்கும் புரிகிறது. அப்புறம்தான் அவர்களுக்காக வேண்டுகிறார்கள். அவள் விரல் தாயத்தில் நின்றுவிட்டது.

அம்மாவைக் குளிப்பாட்டியபோது, இடுப்பில் கறுப்புக் கயிற்றில் ஒரு தாயத்து இருந்தது. கத்தரியால் வெட்டி எடுத்தது தங்கைதான். "என்னக்கா இது?" என்று கேட்டாள். "எனக்கு எப்படித் தெரியும்" என்றேன்.

இப்போது தலை நிமிராமல் கேட்டாள்: "இவங்களுக்குமா ஜெபம் பண்ணாங்க?"

"ஆமா."

"அம்மா கட்டிட்டிருந்தாங்களேக்கா. அதோட செத்தா மோட்சம் இல்லன்னு பாஸ்டர் சொல்லிட்டாரு. பூசைக்கு வந்து நான் என்னன்னு வேண்டறது?"

வகுப்பில் இருந்த அத்தனை நாளும் இவள் திமிர் பிடித்தவள் என்றுதான் நினைத்திருந்தேன். இவள் பயந்துபோய்க் கிடந்திருக்கிறாள்.

"அம்மா கட்டிக்கல. நான்தான் தர்காவுல வாங்கிட்டு வந்து கட்டினேன். டாக்டர் கைய விரிச்சிட்டாரு. அப்ப அம்மாவுக்கு நினைவே இல்ல."

அவள் என்னைப் பார்த்தாள். அப்படி ஒரு வெறுப்பை நான் யார் கண்ணிலும் பார்த்ததில்லை.

"ஒரு வருஷமா எங்கம்மா நரகத்துல வேகறாங்கன்னு நெனச்சிட்டிருக்கேன். நீ வசனம் தேடிட்டிருந்தியா?"

அவள் எழுந்து போய்க் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டாள். நான் செருப்பை மாட்டும்போது, "பூசை எத்தன மணிக்கு?" என்றாள்.

"ஆறரை."

வந்தாள். கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பூசை முடியும்வரை அழுதாள். சொந்தக்காரர்கள் எல்லோரிடமும் பேசினாள். என்னிடம் இன்றுவரை பேசவில்லை.