நெவில் பாஸ்கோவின் ஐந்து மீட்டர்

காப்பியை இடது கையில் வாங்கிக்கொண்டு, வலது கைக் கட்டைவிரலை மூன்று தடவை மடக்கி நீட்டுவார். பிறகு அதே விரலை நாய்க்கயிற்றின் பொத்தான் மேல் வைத்து, "ம், போடா மாரிஸ்" என்பார். பெட்டிக்குள்ளிருந்து கயிறு விர்ரென்று ஓட, மாரிஸ் ஐந்து மீட்டர் தள்ளிப் போய்க் கூழைக்கடா ஒன்றின் எச்சத்தை முகர்ந்து பார்க்கும். நெவில் பாஸ்கோவின் காலை இப்படித்தான் விடிகிறது. படகுத்துறைக்குப் போகிற வழியில் தூண்டில் இரையும் காப்பியும் விற்கும் என் கடையின் முன்னால்தான் விடிகிறது.

எழுபத்தொரு வயது. போர்ட் லிங்கனில் சூரை மீன் படகுகளில் முப்பது வருஷம் வேலை பார்த்தவர். கோடையிலும் கம்பளித் தொப்பி, குளிரிலும் அரைக்கால் சட்டை. வலது கையில் சுண்டுவிரலும் மோதிரவிரலும் இல்லை. அதைப் பற்றி அவரும் பேசுவதில்லை, நாங்களும் கேட்பதில்லை. மற்றதையெல்லாம் பேசுவார். காப்பி ஆறுவதற்குள் வானிலை, கிழங்கான் மீன் எங்கே கடிக்கிறது, பல் டாக்டரின் விவாகரத்து எல்லாம் முடிந்துவிடும்.

மாரிஸ் ஓய்வு பெற்ற பந்தய நாய். கிரேஹவுண்ட். முப்பத்தாறு கிலோ, அதில் பாதி கால். வாழ்நாளெல்லாம் ஒரு பொம்மை முயலைத் துரத்தி ஒருநாளும் பிடிக்காதது. இப்போது நாளைக்குப் பதினெட்டு மணி நேரம் தூங்குகிறது. மிச்ச நேரத்தில் யார் பக்கத்தில் நின்றாலும் அவர்கள் தொடையில் சாய்ந்துகொள்கிறது. என் மேல் சாய்ந்ததில் ஒருமுறை ஒரு தட்டு பணியாரமே தரைக்குப் போனது.

அது இன்னும் நெவிலின் நாய் ஆகவில்லை. நாய்க் காப்பகத்தில் ஆறு வாரச் சோதனைக்குக் கொடுத்திருந்தார்கள். காப்பகத்து கிளெனிஸ் வாரம் ஒருமுறை வந்து பார்ப்பார். ஆறாவது சனிக்கிழமை கையெழுத்துப் போட்டால் மாரிஸ் நெவிலுக்கு. போடாவிட்டால் அடிலெய்டில் காத்திருக்கும் யாரோ ஒருவருக்கு. காப்பகத்தின் சட்டங்களில் முதலாவது: பெரிய நாய்க்கு நீண்டு சுருங்கும் கயிறு கூடாது. இரண்டு மீட்டர் தோல்வார், அதன் வளையத்துக்குள் மணிக்கட்டு, அவ்வளவுதான்.

கிளெனிஸ் சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. "அஞ்சு மீட்டர்ல இவன் எவ்வளவு வேகம் எடுப்பான்னு தெரியுமா நெவில்? நாலே எட்டு. நாலாவது எட்டுல கயிறு தீந்துபோச்சுன்னா கழுத்துதான் உடையும். இல்ல, உங்க தோள்பட்டை கழண்டு வரும். குட்டி நாய்க்கு, வெட்டவெளியில, வச்சுக்கோங்க. நான் வேண்டாம்னு சொல்லல. இவன் கன்னுக்குட்டி!"

நெவிலுக்கும் பதில் இருந்தது. ஆனால் அதைக் கிளெனிஸிடம் சொல்ல மாட்டார், என்னிடம் சொல்வார்.

"அந்தம்மா ஒரு மீனைக்கூட தூண்டில்ல பிடிச்சதில்ல தம்பி. ரெண்டு மீட்டர்ல என்னத்த மோந்து பாக்கும்? என் பூட்ஸைத்தான். பாவம், அஞ்சு வருஷம் கூண்டுல கெடந்துச்சு. கொஞ்சம் தூரம் போகட்டுமே. கயிறு கையில, விரல் பொத்தான்ல. எப்ப வேகம் எடுக்கப் போறான்னு கயிறே சொல்லும். அப்ப இழுக்கக் கூடாது. மீனா இருந்தாலும் சரி, நாயா இருந்தாலும் சரி, நாமதான் அதுகிட்ட நடந்து போகணும். நடந்துகிட்டே சுருட்டணும்."

உண்மையிலேயே அப்படித்தான் செய்வார். கயிற்றில் மூன்றாவது மீட்டரில் சிவப்புக் கம்பளி நூல், நாலாவதில் மஞ்சள் நூல் கட்டியிருந்தார். மஞ்சள் வெளியே வந்தால் கட்டைவிரல் அமுங்கும், நெவில் நடக்கத் தொடங்குவார், பெட்டி கயிற்றை விழுங்கும், மாரிஸ் திரும்பிப் பார்க்கும். இழுபறியே கிடையாது. பார்க்க அழகாக இருக்கும். அழகை மட்டும் சொன்னால் போதாது என்பதற்கு என் முழங்காலுக்குப் பின்னால் சாட்சி இருக்கிறது. முதல் வாரத்தில் மாரிஸ் என்னை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு ஒரு கடற்காக்கையை நோக்கிக் கிளம்பியது. மெல்லிய கயிறு சர்ரென்று ஓடி, கத்தி கிழித்த மாதிரி ஒரு கோடு. நெவில் ஓடிவந்து குனிந்து பார்த்து, "ஆழமில்ல, மூணு மில்லிமீட்டர்தான்" என்றார். மன்னிப்பு மறுநாள் நாலு கிழங்கான் வடிவத்தில் வந்தது, செதில் உரித்து, முள் எடுத்து.

தோல்வாரையும் அவர் விட்டுவிடவில்லை. அது கோட்டுப் பையில் சுருண்டு கிடக்கும், கிளெனிஸுக்காக. கிளெனிஸின் மஞ்சள் கார் வளைவில் திரும்புவது என் கடையிலிருந்து தெரியும். தெரிந்ததும் 'கணவாய் தீர்ந்துவிட்டது' என்ற பலகையை வெளியே மாட்டுவேன். நூறு மீட்டருக்கு அப்பால் நெவில் அதைப் பார்த்து, சுருள்கயிற்றைக் கழற்றித் தோல்வாரை மாட்டி, தேவாலயத்துக்குப் போகிற முகத்தோடு நடந்து வருவார். இதில் எனக்குக் கூச்சம் ஏதும் இருந்ததில்லை. அந்த மனிதர் இந்த நாயோடு நடக்கத் தொடங்கிய பிறகு காலைகளே கலகலப்பாகிவிட்டன. அது அடிலெய்டுக்குப் போவதை நான் விரும்பவில்லை, அவ்வளவுதான். ஒரே தொல்லை, அரை வாளி கணவாயை மேசை மேல் வைத்துக்கொண்டு 'தீர்ந்துவிட்டது' என்று பலகை மாட்டியிருக்கிறாயே என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள்.

ஐந்தாவது சனிக்கிழமை மீன்பிடிப் போட்டி. எட்டு மணிக்குள் கணவாய் நிஜமாகவே தீர்ந்துவிட்டது. நானும் யோசிக்காமல் பலகையை மாட்டினேன்.

தூரத்தில் நெவில் சட்டென்று நின்றதைப் பார்த்தபோதுதான் என் மண்டையில் உறைத்தது. கையை ஆட்டினேன். அதை அவர் 'சீக்கிரம்' என்று எடுத்துக்கொண்டார். சுருள்கயிற்றின் பெட்டியை அக்குளில் இடுக்கினார், பையில் கையை விட்டுத் தோல்வாரைத் தேடினார். மூன்று விரல் கை, அவசரம், கோட்டுப் பையின் கிழிந்த உள்துணி. சரியாக அப்போது ஒரு கடற்காக்கை மாரிஸின் மூக்குக்கு முன்னால் இறங்கியது.

நாலு எட்டு என்று கிளெனிஸ் சொன்னது தப்பு. மூன்றுதான். பெட்டி அக்குளிலிருந்து பிடுங்கிக்கொண்டு சிமெண்ட் பாதையில் விழுந்தது, விழுந்த கையோடு கடகடவென்று மாரிஸின் பின்னால் ஓடியது. மாரிஸ் திரும்பிப் பார்த்தது. இத்தனை வருஷம் தான் துரத்திய ஜந்து இப்போது தன்னைத் துரத்துகிறது என்று நினைத்திருக்க வேண்டும். வேகத்தைக் கூட்டியது. கூட்டக் கூட்ட பெட்டியும் துள்ளித் துள்ளி விரட்டியது. ஊஞ்சல்களைக் கடந்து, புல்வெளியில் உடற்பயிற்சி செய்துகொண்டிருந்த எட்டுப் பெண்களின் நடுவே புகுந்து, சாலையை நோக்கி ஓடியது. அது அறுவடை மாதம். கோதுமை ஏற்றிய லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாகத் துறைமுகத்துக்கு இறங்கிக்கொண்டிருந்தன. பலகை மாட்டியவன் நான்.

போட்டிக்கு வந்த பத்துப் பேர் நாயின் பின்னால் பாய்ந்தார்கள்.

"யாரும் ஓடாதீங்க! நில்லுங்கடா அப்படியே!" படகின் மறுமுனைக்குக் கேட்கிற குரல். அதற்கு முன் நெவில் அப்படிக் கத்தி நான் கேட்டதில்லை. எல்லோரும் நின்றார்கள்.

சாலைக்கு இப்பால் கடைசிப் பைன் மரம். பெட்டி மரத்தின் ஒரு பக்கம், மாரிஸ் மறுபக்கம். கயிறு சிக்கி, நாய் சுற்றி, மறுபடி சுற்றி, மரத்தோடு ஒட்டி நின்றுவிட்டது. லாரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது. நெவில் நடந்து போனார். ஓடவில்லை. சிவப்பு நூலைக் கையில் பிடித்து, பேசிக்கொண்டே கிட்டப் போய், ஈரப் புல்லில் உட்கார்ந்தார். மாரிஸ் அவர் மேல் சாய்ந்தது. அதன் பற்கள் கிடுகிடுத்தன.

நான் போய்ச் சேர்ந்தபோது அவர் நாயின் பின்னங்காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். மயிர் போய், சிவப்பாக ஒரு கோடு. என் காலில் இருப்பது போலவே. மூன்று மில்லிமீட்டர் என்று இந்தத் தடவை சொல்லவில்லை. என் இடுப்பிலிருந்த இரை வெட்டும் கத்தியை வாங்கிக் கயிற்றை இரண்டாக அறுத்தார்.

"நான் செய்ய வேண்டிய வேலையை நீங்களே முடிச்சிட்டீங்க" என்று பின்னால் ஒரு குரல். கிளெனிஸ், ஒரு சைக்கிளைப் பிடித்துக்கொண்டு. மஞ்சள் கார் பழுது பார்க்கப் போயிருந்ததாம்.

கிளெனிஸ் முதலில் மருந்தைத்தான் எடுத்தார். காலைத் துடைத்துக் கட்டுப் போட்டுவிட்டு, பிறகுதான் கோபப்பட்டார். "வளையம் எதுக்கு வச்சிருக்காங்க நெவில்? கையை உள்ள விட்டு தோல்வாரைப் பிடிச்சிருந்தா இதெல்லாம் நடக்குமா? இவன் இந்நேரம் லாரிக்கு அடியில கெடந்திருப்பான்!"

"வளையத்துக்குள்ள கையை விட மாட்டேன், அம்மணி."

"ஏன், தொரைக்கு என்ன கொறைச்சல்?"

நெவில் வலது கையை உயர்த்திக் காட்டினார்.

"எண்பத்திமூணுல. வலைக் கயிறு ஓடுது, அதுல ஒரு வளையம் விழுந்திருக்கு, என் கை அதுக்குள்ள இருக்கு. ரெண்டோட போச்சு. அதைத் தின்ன சூரை இந்நேரம் பியானோ வாசிச்சிக்கிட்டு இருக்கும்." அவரே சிரித்தார், நாங்கள் சிரிக்கவில்லை. "படகுல மொத நாள் சொல்லிக் குடுக்குறதே அதுதான். கயித்தைப் பிடி, வளையத்துல கையைக் குடுக்காதே. ஒரு தடவை மறந்தேன். அப்புறம் நாப்பது வருஷமா குடுத்ததில்ல. மெல்லிசு வாரை இந்த மூணு விரலால பிடிக்க முடியல, அம்மணி. அந்தப் பெட்டியோட கைப்பிடி தடிமன். அது ஒண்ணுதான் கையில நின்னுச்சு."

"இதை அஞ்சு வாரம் முன்னாடி சொல்லியிருக்கலாமே!"

"நீங்க கேக்கவே இல்லையே."

கிளெனிஸ் கையுறையைக் கழற்றினார், மாட்டினார், மறுபடி கழற்றினார். "அடுத்த சனிக்கிழமை வருவேன். என் சட்டம் மாறாது. இழுத்தா கையை விட்டுப் போற கயித்துல இவனை நான் விடமாட்டேன், அது யார் கையா இருந்தாலும் சரி" என்று சொல்லிவிட்டு சைக்கிளில் ஏறிப் போனார். எனக்கு அவர் மேல் கோபம் வரவில்லை. அன்றைக்கு லாரியைப் பார்த்தவர்கள் யாருக்கும் வந்திருக்காது.

அந்த வாரம் நெவில் என் கடைப்பக்கம் வரவில்லை. அவருடைய கொட்டகையில் காலையிலிருந்து விளக்கு எரிவதாகச் சொன்னார்கள். நான் பலகையைப் பரணில் போட்டுவிட்டேன். கணவாய் தீர்ந்தால் வாயால் சொன்னேன்.

சனிக்கிழமை வந்தார். கையில் அந்தப் பழைய பெட்டியின் கைப்பிடி மட்டும். வயிற்றை அறுத்து, சுருளைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, அதில் படகுக் கயிறு ஒன்றைப் பொருத்திக் கொண்டுவந்திருந்தார். பெருவிரல் தடிமன், சரியாக இரண்டு மீட்டர், முடிச்சே இல்லாமல் புரியோடு புரி பின்னிச் சேர்த்தது. ஒன்றரை மீட்டரில் மஞ்சள் நூல். கைப்பிடிக்குப் பின்னால், அதே நேர்த்தியோடு, ஒரு வளையம்.

"இது எதுக்கு?" என்று கேட்டேன்.

"அழகுக்கு" என்றார் வெடுக்கென்று. "காப்பியைக் குடு."

கிளெனிஸ் காகிதத்தை என் மேசையில் விரித்து, பேனாவைத் திறந்து வைத்தார். மாரிஸின் காலைப் பார்த்தார், ஆறியிருந்தது. கயிற்றைத் தடவிப் பார்த்து, இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்தார். வளையத்தைப் பார்த்தார். நெவில் வானிலையைப் பற்றிப் பேசினார். பல் டாக்டரின் இரண்டாவது கல்யாணத்தைப் பற்றிப் பேசினார். இந்த வருஷம் கிழங்கான் படகுத்துறையின் கிழக்குப் பக்கம்தான் என்று சத்தியம் செய்தார். அவருடைய வலது கை கைப்பிடியைப் பிடித்திருந்தது. வளையம் அதன் கீழே சும்மா தொங்கிக்கொண்டிருந்தது.

மேசை ஓரத்தில் கடற்காக்கை ஒன்று வந்து இறங்கியது. மாரிஸின் காது இரண்டும் நிமிர்ந்தன, முதுகு வில்லாக வளைந்தது. நெவில் பேச்சை நிறுத்தவில்லை, காகிதத்தைப் பார்க்கவில்லை, கிளெனிஸையும் பார்க்கவில்லை. காப்பியை மேசையில் வைத்தார். இடது கையால் வளையத்தை விரித்து, அதற்குள் அந்த மூன்று விரல்களையும் குவித்து நுழைத்து, மணிக்கட்டு வரைக்கும் ஏற்றி இறுக்கிக்கொண்டார்.